ஸ்மோக்கி மலையில் அக்டோபர் கேம்பிங்: என்ட்ரி ஃப்ரீ, பார்க்கிங் ஃப்ரீ இல்லை!

அமெரிக்காவுல ஆன்சைட்ல இருக்கீங்களா? அக்டோபர்ல இலைகள் நிறம் மாறுறதைப் பார்க்க கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பிளானா? அந்த நேஷனல் பார்க்குக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நியூஃபவுண்ட் கேப் சாலையை 1951-ல் ஒப்படைத்தபோது டென்னசி மாநிலம் போட்ட நிபந்தனை அது.

ஆனா 2023 மார்ச்சிலிருந்து, 15 நிமிஷத்துக்கு மேல வண்டி நின்னா பார்க்கிங் டேக் வேணும். நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருஷத்துக்கு 40. மூணு நாள்னாலே வார டேக் வாங்கிடுங்க, அதே 15 டாலர்தான். 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' பாஸ் இங்க செல்லாது. டேக் வண்டிக்குத்தான், அதனால நாலு பேரும் ஒரே கார்ல போங்க.

எல்க்மான்ட் கேம்ப்கிரவுண்டை ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணலாம். அதாவது ஏப்ரல்லயே! விறகு கையோட கொண்டு போகாதீங்க. வெப்பத்தால் பதப்படுத்தி சான்று பெற்ற கட்டு மட்டும்தான் அனுமதி.

'சார், இதை எல்டிஏ-ல காட்டலாமா?' முடியாது. இந்தியாவுக்குள்ள போகும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் எல்டிஏ விலக்கு, அதுவும் பழைய வரி முறையில. ஊட்டி போன மாதிரி பில் ரெடி பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா கிட்டயே போகாதீங்க. பொய்க் கணக்குக்கு வரியோட, அந்த வரியில் 200 சதவீதம் அபராதமும் வரும்.