ஆடினார், ஆடுவித்தார்

ஒரு கலையில் வல்லவரெல்லாம் அதனைப் பிறர்க்குக் கற்பிப்பதிலும் வல்லவராய் இருப்பரோ? இவ்வினா பள்ளிக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. விளையாட்டுக் களத்திற்கும் உரியது. கால்பந்தாட்ட உலகில் இதற்கு விடை தேடுவோர்க்கு ஆல்பிரெடோ டி ஸ்டெபானோவின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு.

அவர் 1926 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4 ஆம் நாள் அர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸில் பிறந்தார். 1945 இல் அந்நகரின் ரிவர் பிளேட் கழகத்திற்காக முதன்முதலில் களமிறங்கினார். 1947 இல் அக்கழகம் நாட்டின் வெற்றிக் கழகமானபோது அவர் அடித்த கோல்கள் 27. மறு ஆண்டு ஆட்டக்காரர்கள் தம் உரிமைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அதனையொட்டிப் பலர் கொலம்பியாவுக்குப் பெயர்ந்தனர். டி ஸ்டெபானோவும் 1949 இல் பொகோட்டா நகரின் மில்யோனாரியோஸ் கழகத்தை அடைந்தார். 1953 இல் ஸ்பெயினின் பார்சலோனாவும் ரியல் மாட்ரிட்டும் அவருக்காக வழக்காடின. முடிவில் மாட்ரிட்டே அவரைப் பெற்றது.

அதன் பயன் பெரிது. 1956 முதல் 1960 வரை ஐரோப்பியக் கோப்பையை ஐந்து முறை தொடர்ந்து மாட்ரிட் வென்றது. அவ்வைந்து இறுதியாட்டங்களிலும் டி ஸ்டெபானோ கோல் அடித்தார். 1960 இல் கிளாஸ்கோவில் பிராங்க்பர்ட் கழகத்தை மாட்ரிட் 7–3 என்று வென்றபோது, மூன்று கோல்கள் இவருடையவை. நான்கு, ஹங்கேரியரான புஷ்காஷினுடையவை.

இவருடைய ஆட்டத்தில் சிறப்பு யாது? முன்னணி ஆட்டக்காரர் எதிரியின் கோல் முகப்பில் நின்று, பந்து வரும் வரை காத்திருப்பதே அந்நாளைய வழக்கம். இவரோ தம் கழகத்தின் தற்காப்பு எல்லை வரை இறங்கி வந்து பந்தைப் பெறுவார். நடுக்களத்தில் பிறருக்கு வழங்குவார். பின்னர்த் தாமே முன்னேறிக் கோலையும் அடிப்பார். களம் முழுவதையும் ஒருசேர நோக்கும் கண் அவருக்கு இருந்தது. பின்னாளில் அவர் பயிற்றாசிரியரானதற்கு இந்நோக்கே வித்திட்டது எனலாம்.

இத்தகையவர் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பது வியப்பிற்குரியது. 1950 இலும் 1954 இலும் அர்ஜென்டீனா கலந்துகொள்ளவில்லை. அவர் ஸ்பெயின் நாட்டவரான பின், 1958 இல் அந்நாடு தகுதி பெறவில்லை. 1962 இல் அணியுடன் சிலி நாட்டிற்குச் சென்றும், காயத்தினால் களமிறங்க இயலவில்லை. திறமை மிக்கவர்க்கும் எல்லாம் கைகூடுவதில்லை.

இனி அவருடைய இரண்டாம் வாழ்க்கையைக் காண்போம். 1969 இல், தாம் வளர்ந்த ரிவர் பிளேட்டின் பரம எதிரியான பொக்கா ஜூனியர்ஸுக்குப் பயிற்றாசிரியராகி, ரிவரின் சொந்தக் களத்திலேயே தேசியப் பட்டத்தை வென்று தந்தார். 1981 இல் ரிவர் பிளேட்டுக்கும் அப்பட்டத்தைப் பெற்றுத் தந்தார். இடையே 1971 இல் வாலென்சியா கழகத்தை ஸ்பெயினின் முதல்வராக்கினார். 1947க்குப் பின் அக்கழகம் அடைந்த முதல் லீக் பட்டம் அது. 1980 இல் அதே வாலென்சியா, ஆர்சனலைப் பெனால்டி உதைகளில் வென்று ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையைக் கைப்பற்றியது. 1986 இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அக்கழகத்தை மறு ஆண்டே மேலேற்றியவரும் இவரே.

ஆயினும், நேயர்களே, என் கருத்தில் அவரது ஆசிரியத் திறம் விளங்கிய இடம் பட்டங்களில் அன்று. 1982 இல் அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் பயிற்றாசிரியராய்த் திரும்பினார். அந்த ஒரே பருவத்தில் ஐந்து கோப்பைகள் கைக்கெட்டும் தூரம் வந்து, ஐந்தும் கைநழுவின. லீக் பட்டம் கடைசி நாளில் வாலென்சியாவிடம் தோற்றதால் போயிற்று. ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அபர்டீன் வென்றது. வேறொருவராயின், பணம் கொடுத்துப் புகழ் பெற்றவர்களைத் தேடியிருப்பார். டி ஸ்டெபானோ, கழகத்தின் இளைஞர் அணியை நோக்கினார். 1983 டிசம்பரில் சாஞ்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ் என்னும் இளைஞர்களைக் களமிறக்கினார். 1984 பிப்ரவரி 5 இல் காடிஸ் நகரில், மாட்ரிட் 0–2 எனப் பின்தங்கியிருந்த வேளையில் எமிலியோ புத்ராகெனோவை அனுப்பினார். அவ்விளைஞர் இரண்டு கோல்கள் அடித்தார். மாட்ரிட் 3–2 என வென்றது.

அவ்வாண்டே டி ஸ்டெபானோ விலகினார். அந்த இளைஞர்களை உள்ளிட்ட அணி 1986 முதல் 1990 வரை ஐந்து லீக் பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. நட்டவர் ஒருவர், கனி பறித்தவர் வேறு சிலர்.

2014 ஜூலை 7 இல், 88 ஆம் வயதில், அவர் மாட்ரிட்டில் மறைந்தார். தாம் ஆடிய நாளில் எல்லாப் பணியையும் தாமே செய்தவர், கற்பிக்கும் நாளில் அப்பணியைப் பிறர் கையில் ஒப்படைத்துக் கோட்டிற்கு வெளியே நின்றார். வல்லவர்க்கு அரியது அதுவே. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடையும் அதுவே: தம் திறமையைக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, பிறர் திறமையைக் காணக் கற்றவரே நல்லாசிரியர் ஆவார்.