ஒரு படப்புத்தகம் பிறக்கிறது – 9: ரப்பரிடமிருந்து தப்பிய கோடு

கோவளத்தில் விடிகாலை கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் கரை திரும்பும்போது, வரைய வந்தவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். படகை மணலில் ஏற்றுவார்கள், வலையைக் குவிப்பார்கள், அதற்குள் மீன் பிரிக்கும் கைகள் சூழ்ந்துகொள்ளும். மை காயும்வரை காத்திருக்க அவகாசமில்லை. பென்சில்தான் சரி. அதிலும் உப்புக் காற்றில் தாள் நமுத்திருக்கும்; கூரான எச்.பி. பென்சில் பள்ளம் போடுமே தவிரக் கறுக்காது. நான் 4பி எடுத்துச் செல்கிறேன். படகின் முன்முனையான அணியத்தின் வளைவை ஒரே இழுப்பில் போட்டால், கை தயங்கிய இடமும் அழுத்திய இடமும் கோட்டில் அப்படியே நிற்கும்.

அந்தத் தயக்கம் அச்சில் வர நெடுங்காலம் எளிய வழியில்லை. லைன் பிளாக்குக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான் தெரியும். பென்சிலின் சாம்பலைப் பிடிக்க, படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் பிளாக் வேண்டும்; செலவு அதிகம், மட்டமான தாளில் புள்ளிகள் அப்பிக்கொள்ளும். ஆகவே நம் பத்திரிகை ஓவியர்கள் பென்சிலில் வரைந்து, அதன்மேல் இந்தியன் இங்க்கில் இழுத்து, காய்ந்ததும் பென்சிலை ரப்பரால் அழித்தார்கள். 1947-இல் சென்னையில் பிறந்த அம்புலிமாமாவில், வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரிடம் (2020-இல் மறைந்தார்) நாம் கண்டதும் மைக் கோடுகளைத்தான். அவற்றின் கம்பீரம் குறைந்ததல்ல. ஆனாலும் மைக்கு அடியில் நடந்த தேடல் வாசகர் கண்ணில் படாமலே போனது.

திரையில் இந்தத் தடை முன்பே உடைந்தது. 1961-இல் வந்த டிஸ்னியின் ‘101 டால்மேஷன்ஸ்’ படத்துக்காக, ஓவியர்களின் பென்சில் கோட்டை ஜெராக்ஸ் முறையில் நேரே செல்லுலாய்டுத் தாளுக்கு ஏற்றினார்கள். அதுவரை அதை மையால் நகலெடுக்கத் தனிக் குழுவே இருந்தது. வழவழப்பு போய், கையின் சொரசொரப்பு திரைக்கு வந்தது.

புத்தகத்தில் அந்த வேலையைச் செய்தது ஸ்கேனர். கோவளத்தில் வரைந்ததை 600 டிபிஐ-யில், சாம்பல் நிறப் படமாக எடுக்கிறேன். பிறகு தாளின் பழுப்பை வெளுக்க வேண்டும். இங்கேதான் கை கட்டுப்பட வேண்டும். ஆசைப்பட்டுக் கூடுதலாக வெளுத்தால் மெல்லிய கோடுகள் போய்விடும். ரப்பர் செய்த வேலையைக் கணினி செய்துவிடும். பென்சிலை மேல் லேயரில் வைத்து ‘மல்டிப்ளை’ கொடுத்தால் வெள்ளை கண்ணாடியாகி, கோடு மட்டும் நிற்கும். வண்ணம் எல்லாம் அதற்குக் கீழே.

லேயர் என்பது கணினி கண்டுபிடித்ததல்ல. 1994-இல் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸின் கைவேலைப் புத்தகங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு அச்சுத் திரை. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. அந்தப் பொறுமை கணினியில் தேவைப்படாததால்தான் பலர் தவறுகிறார்கள். நானும் தவறினேன். படகுக்கு நீலம், வலைக்குப் பச்சை, மணலுக்கு மஞ்சள் என்று இண்டு இடுக்கு விடாமல் நிரப்பியதில் பென்சில் மூழ்கிப்போனது. இப்போது படகுக்கு மட்டும் வண்ணம் கொடுக்கிறேன். மணல் தாளின் வெள்ளையாகவே இருக்கிறது.

வண்ணத்தை எவ்வளவு விட்டுவைக்கலாம் என்பதற்கு எனக்கு ஆசான், கொரிய ஓவியர் சூசி லீ 2008-இல் வெளியிட்ட ‘வேவ்’. ஒரு சிறுமி, ஒரு கடல், சொற்களே கிடையாது. கரித்துண்டுக் கோடுகளும் அக்ரிலிக் நீலமும் கணினியில் சேர்ந்தவை. புத்தகத்தின் நடுமடிப்புதான் கரை. அலை அதைத் தாண்டிச் சிறுமியை நனைக்கும்வரை நீலம் கடலுக்கு மட்டுமே; நனைத்த பிறகு வானமும் அவள் உடையும் நீலமாகின்றன. அந்த ஒற்றை வண்ணமே கதையைச் சொல்லி முடித்துவிடுகிறது. 2022-இல் அவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது.

அச்சகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பென்சில் கோடு கறுப்பு பிளேட்டில் மட்டுமே இருக்கட்டும். நான்கு மைகளிலும் பிரிந்துவிட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் இம்மி விலகினாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும்.

பென்சில் போலவே கோடு தரும் பிரஷ்கள் டேப்லெட்டில் வந்துவிட்டன. நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நமுத்த தாளும் அவசரமும் சேர்ந்து தரும் கோடு அவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை பென்சிலில் வரைந்ததும் அதன்மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ‘அவுட்லைன்’ போடச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அச்சு இயந்திரத்துக்காக உருவான அந்தக் கட்டாயம் இன்று இல்லை. அந்தப் பென்சில் கோட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

(தொடரும்)