குளமும் மூச்சு விடும்

மீன்குளம் வைத்திருப்பவர் ஒருநாளாவது விடிகாலை நான்கு மணிக்குக் கரையில் போய் நிற்க வேண்டும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பகல் வெயிலில் ஆக்சிஜனை உண்டாக்கித் தந்த அதே நுண்பாசி, இரவில் மீன்களோடு பங்குக்கு நின்று அதைச் சுவாசிக்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டைக்குக் கவலையில்லை. 3-க்குக் கீழே போனால் திணறல்.

சாணத்தில் வளர்ப்பதா, தீவனம் கொட்டி வளர்ப்பதா என்று கேட்கும் சிறு விவசாயிக்கு நான் முதலில் சொல்வது இந்த நான்கு மணிக் கதையைத்தான்.

சாணக் குளத்தின் கணக்கு எளிது. சுண்ணாம்பு தூவி, மாட்டுச் சாணத்தைக் கரைத்துவிட்டால் மிதவை உயிரிகள் பெருகும். மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால். ஒரே குளத்தில் மூன்று பந்தி. ஒருவர் இலையில் இன்னொருவர் அதிகம் கை வைப்பதில்லை. 25 சென்ட் குளத்தில் ஆண்டுக்கு 100 முதல் 150 கிலோ எடுக்கலாம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் போட்டால் 400 கிலோவரை போகும்.

அதற்கு மேல் ஆசைப்படுபவர்கள் பயோஃபிளாக் தொட்டிக்குப் போகிறார்கள். நெருக்கமாக மீன் விட்டு, கம்பெனித் தீவனம் போடும் முறை. செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். அந்தத் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் மீனின் உடம்பில் சேர்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. வெல்லப்பாகு ஊற்றி வளர்க்கும் பாக்டீரியா அதை உண்டு தண்ணீரைக் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் அந்த பாக்டீரியாவும் மூச்சு விட வேண்டுமே! ஏரேட்டர் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் இல்லையென்றால், ஒரே இரவில் மொத்த முதலும் மிதக்கும்.

கடன் வாங்கித் தொடங்குபவருக்குத் தொட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. சாணம், தவிடு, புண்ணாக்கு என்று இரண்டு அறுவடை பார்த்த பிறகு யோசிக்கட்டும்.

குளத்தை அளக்க உங்கள் கையே போதும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து முழங்கை நனையும்வரை இறக்குங்கள். அப்போதும் உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் சாணம் போதவில்லை. முழங்கை நனைவதற்கு வெகு முன்பே மறைந்தால் பச்சை மிகுந்துவிட்டது, சாணத்தை நிறுத்துங்கள். வானம் மூட்டமாக இருக்கும் நாளில் எதையும் போடாதீர்கள்.