தமிழில் எதிர்கால வினை: தோற்றமும் மாற்றமும்

இனி நிகழவிருக்கும் செயலைக் குறிக்கும் வினை எதிர்கால வினை எனப்படும். செய்வான், படிப்பாள் என்னும் சொற்களில் முறையே வகர, பகர இடைநிலைகள் இக்காலத்தைக் காட்டுகின்றன. பள்ளி இலக்கணத்தில் இது எளிய பாடமே. ஆனால் இவ்வடிவங்கள் தொடக்கத்தில் எதிர்காலத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை.

தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. எனினும் பழந்தமிழ் வினைவடிவங்கள் பெரும்பாலும் இறந்தகாலம், இறவாக்காலம் என இரண்டாகவே பிரிந்திருந்தன என்பர் மொழியியலார். 'செய்யும்' என்னும் வடிவத்தைத் தொல்காப்பியர் நிகழ்காலத்தில் வைக்கிறார். ஆகவே சங்கப் பாடலில் 'வரும்' என்று கண்டவுடன் 'இனிமேல் வரும்' என்று உரை எழுதிவிடக் கூடாது. 'வருகிறது', 'வழக்கமாக வரும்' என்ற பொருள்களையும் பொருத்திப் பார்க்க வேண்டும். மாணவர் பலர் இடறும் இடம் இது.

'கின்று' என்னும் இடைநிலை சங்க நூல்களில் மிக அரிது. பக்தி இலக்கியத்தில் பெருகுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் ஆநின்று, கின்று, கிறு ஆகிய மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாகத் தருகிறது. நிகழ்காலத்துக்குத் தனி வடிவம் வந்தபின் பழைய வடிவம் எதிர்காலப் பக்கம் ஒதுங்கியது. முழுவதும் ஒதுங்கவில்லை. "விருத்தாசலத்துச் சூளையில் வெந்த களிமண் கல்லாய் இறுகும்" என்பது நாளைய செய்தியன்று, என்றுமுள்ள உண்மை. "அக்காலத்தில் மாட்டு வண்டியில் போவார்கள்" என்பதோ கடந்துபோன வழக்கம்! இடையில் சில வடிவங்கள் மறைந்தும் போயின. உண்கு (உண்பேன்), சேறு (செல்வேன்) என்பவை அத்தகையவை. இன்று சேறு என்றால் வயல்தான் நினைவுக்கு வரும்.

ஜெர்மன் மொழியில் நடந்தது இதற்கு நேர்மாறு. பழைய ஜெர்மனில் நிகழ்கால வடிவமே எதிர்காலத்தையும் சுமந்தது. கடமை, விருப்பம் உணர்த்தும் துணைவினைகளும் அதற்கு உதவின. பின்னர் 'ஆகுதல்' என்னும் பொருளுடைய 'வேர்டன்' துணைவினையாகி எதிர்காலம் தனியே உருவாயிற்று. தமிழில் புதிதாக வந்தது நிகழ்காலம், அங்கே எதிர்காலம். ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. "அவர் இப்போது வீட்டில் இருப்பார்" என்று நாம் ஊகித்துச் சொல்வதுபோல, அவர்களும் எதிர்கால வடிவத்தால் நிகழ்கால ஊகத்தைச் சொல்கின்றனர்.

இக்காலப் பேச்சில் "நாளைக்கு வர்றேன்" என நிகழ்காலமே எதிர்காலத்துக்கும் வருகிறது. "மழை பெய்யப் போகிறது" என்பதில் 'போ' நடத்தலைக் குறிக்கவில்லை. மழை நெருங்கிவிட்டதைக் குறிக்கிறது.