தன் சமூகத்தை ஆய்தல்: ரொறன்ரோவில் சமூகவியலும் மானிடவியலும் பயிலும் தமிழ் மாணவர்

முன்னுரை

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் சமூகவியலையோ மானிடவியலையோ பயிலுங்கால், தம் சமூகத்தையே ஆய்வுப் பொருளாகத் தெரிவு செய்வதுண்டு. மொழியும் உறவும் அறிந்தவர்க்கு இது எளிய வழியெனத் தோன்றும். உள்ளிருப்பவர் என்ற நிலை சில வாயில்களைத் திறக்கும், சிலவற்றை அடைக்கும். இதனை ஒரு முறையியற் சிக்கலாகவே கற்பித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. இரு துறைகளின் வழி

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் 1925ஆம் ஆண்டு தோமஸ் மக்கில்ரெயித்தின் நியமனத்துடன் தொடங்கி, 1936இல் தனித்துறையாயிற்று. அவர் ஆய்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் நுஹால்க் முதற்குடி மக்களை. சமூகவியலோ அரசியற் பொருளாதாரத் துறைக்குள் நெடுங்காலம் அடங்கியிருந்து 1963இல் தனித்துறையாயிற்று. 1965இல் வெளிவந்த ஜோன் போட்டரின் ‘செங்குத்து மொசைக்’ என்னும் நூல், கனடாவின் இனக்குழுக்கள் சமநிலையில் அல்லாது படிநிலையில் அமைந்திருப்பதைக் காட்டிற்று. ஆக, ஒரு துறை பிறரிடம் சென்று தங்கிக் கற்றது. மற்றது குழுக்களை அளந்து ஒப்பிட்டது.

தமிழர் முதலில் இவ்வறிவுத் துறைகளின் ஆய்பொருளாகவே இருந்தனர். யாழ்ப்பாணச் சாதியமைப்பைப் பற்றி மைக்கல் பாங்ஸ் எழுதிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. பின்னர் தமிழரே ஆய்வாளராயினர். தாய்லாந்து பற்றிய ஆய்வுகளாற் புகழ்பெற்ற ஸ்ரான்லி தம்பையா, 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின்னர், 1986இல் இலங்கையின் இனமுரண்பாடு பற்றி நூல் எழுதினார். தமக்கு நெருக்கமான களத்தை எழுதுவது முதிர்ந்த அறிஞர்க்கும் வேறுவகைப் பொறுப்பாக அமைந்ததை அந்நூல் காட்டுகிறது.

2. எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

‘கனடாவில் தமிழர் எத்தனை பேர்?’ என்ற வினாவுக்குக் குடிசன மதிப்பீடு ஒரே விடையைத் தருவதில்லை. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தாய்மொழி பற்றிய வினா எல்லா வீடுகளிலும் கேட்கப்பட்டது; இனத்தோற்றம் பற்றிய வினா நான்கில் ஒரு பங்கு வீடுகளிலேயே கேட்கப்பட்டது. நிறம்சார் சிறுபான்மையினர் பகுப்பில் தமிழர் ‘தெற்காசியர்’ என்பதனுள் அடங்குவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம் ஒருவர் தம்மை இனத்தால் தமிழர் எனக் குறியாது விடலாம். இங்கு பிறந்த பிள்ளை தமிழர் எனக் குறித்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் காட்டலாம். எந்த எண்ணைக் கையாள்கிறோம் என்பதே யாரைத் தமிழர் என்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. மாணவர் முதலிற் கற்க வேண்டியது இதுவே.

3. களத்தில் எழும் எதிர்வினா

குடிசன மதிப்பீடு கேளாத வினா ஒன்றுண்டு, அது சாதி. ஸ்காபரோவில் ஒரு வீட்டில் நேர்காணலுக்கு அமரும் தமிழ் மாணவியிடம், அவர் வினாத் தொடுக்குமுன்னரே, ‘பிள்ளை ஊரில எவடம்?’ என்ற கேள்வி வரும். அது அன்பான விசாரிப்பாகலாம். ஆயினும் ஊர், குறிச்சி, கோயில், பாடசாலை என அது நீளுமாயின் சாதியை அறியும் வழியாகவும் அமையும். அயலவரான ஆய்வாளரை இவ்வாறு எளிதில் வகைப்படுத்த இயலாது. உள்ளவரோ பிறரை வகைப்படுத்துமுன் தாமே வகைப்படுத்தப்படுகிறார். அதன்பின் அவரிடம் எது சொல்லப்படும், எது மறைக்கப்படும் என்பது அவ்விடையைப் பொறுத்தது. எனவே அக்கேள்வியை உரையாடலின் முன்னோட்டமெனத் தள்ளாது களக்குறிப்பில் தரவாகப் பதிதல் வேண்டும்.

இது வெறும் கல்விசார் நுட்பமன்று. 2023 மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை சாதி ஒடுக்குமுறை தொடர்பாக ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் உதவியை நாட முடிவு செய்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆணைக்குழு, சாதிப் பாகுபாடு மாகாண மனித உரிமைச் சட்டக்கோவையின் காப்புக்குட்பட்டது என்னும் கொள்கை நிலைப்பாட்டை வெளியிட்டது. ‘இங்கு சாதி இல்லை’ என்போர்க்கும் ‘உண்டு’ என்போர்க்கும் இடையே சான்று தேவைப்படுகிறது. அதனைத் திரட்டும் திறன் இம்மாணவரிடம் எதிர்பார்க்கப்படும்.

4. ஒப்புதலும் தீங்கும்

கனடாவின் மூன்று ஆய்வு நிதி முகவரகங்களின் அறநெறிக் கொள்கை 1998இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2010இலும் வெளிவந்தன. ஒப்புதல் ஒருமுறை பெற்று முடிவதன்று, ஆய்வு முழுவதும் தொடர்வது என்பதும், கையொப்பம் அன்றிப் பொருத்தமான வேறு வழியிலும் அதனைப் பதியலாம் என்பதும் அதில் உள்ளன. போரிலிருந்தும் விசாரணைகளிலிருந்தும் வந்தவர்க்குப் படிவமும் ஒலிப்பதிவுக் கருவியும் அச்சமூட்டக்கூடும். ஒப்புதலைத் தமிழில், பேச்சு வழக்கில் விளக்குதல் அறநெறியின் பகுதியே. பெயரை மாற்றுவதும் போதாது: ஊரும் தொழிலும் இங்கு வந்த ஆண்டும் சேர்ந்தால், நெருக்கமான சமூகத்தில் ஆளை இனங்காண்பது எளிது.

முடிவுரை

தமிழறிந்த மாணவர்க்கு மூன்று பயிற்சிகள் வேண்டும்: எண்ணின் வரைவிலக்கணத்தை ஆராய்தல், தம்மை நோக்கி எழும் வினாவைத் தரவாகக் கொள்ளல், தகவலாளரின் மொழியில் ஒப்புதல் பெறல். தமிழியற் கற்கைநெறிகள் இலக்கியத்துடன் இக்களப்பயிற்சியையும் இணைத்துக் கொள்ளுமாயின், தமிழ் மொழியறிவு மரபைப் பேணும் கருவியாக மட்டுமன்றிச் சமூகத்தை அறியும் கருவியாகவும் பயன்படும்.