‘அசீஜி’ எப்படி ‘ஸ்பிரிங் செக்யூரிட்டி’ ஆனது? ஜாவா உலகின் ஒரு தத்துக் கதை

தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலோ சிறுசேரியிலோ ஜாவா வேலை பார்ப்பவர்களிடம் ‘ஸ்பிரிங் செக்யூரிட்டி அப்கிரேடு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சாவது வரும். ஒரு வெப் அப்ளிகேஷனில் யார் லாகின் செய்யலாம், யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கலாம் என்று காவல் காக்கும் லைப்ரரி அது. ஆனால், ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்குக்குள்ளேயே பிறந்தது இல்லை, வெளியிலிருந்து தத்தெடுக்கப்பட்டது.

2003-ம் ஆண்டின் கடைசி. ஓப்பன் சோர்ஸ் உலகில் ஸ்பிரிங் அப்போது சின்னப் பிள்ளை. ‘இதற்குப் பாதுகாப்பு வசதி செய்யும் எண்ணம் உண்டா?’ என்று ஸ்பிரிங் டெவலப்பர்களிடம் கேள்வி வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் நேரம் இல்லை என்பதுதான் பதில். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பென் அலெக்ஸ் தாமே ஒன்றை எழுதினார். அதை வெளியிடக்கூட இல்லை; கேட்டவர்களுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். 2004 ஜனவரியில் அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 20 பேர். மார்ச்சில் தனி புராஜெக்ட் ஆனது. பெயர், அசீஜி. அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்: ஆங்கில அகரவரிசையின் 1, 3, 5, 7, 9-வது எழுத்துகள்!

1.0 பதிப்பு வந்தது 2006 மே மாதம். அதற்கு முன்பே பல நிறுவனங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. குறை ஒன்றுதான்: சாதாரண லாகினுக்கே நீள நீளமாக எக்ஸ்எம்எல் எழுத வேண்டும்.

2007 இறுதியில் ஸ்பிரிங் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இரண்டுமே அப்பாச்சி லைசென்ஸில் இருந்ததால் சட்டச் சிக்கல் இல்லை. 2008-ல் வந்த 2.0 பதிப்பில், பக்கம் பக்கமாக எழுதியது சில வரிகளில் முடிந்தது.

சரி, பில் யாருக்கு வந்தது? பயன்படுத்தியவர்களுக்குத்தான். பேக்கேஜ் பெயரில் இருந்த ‘அசீஜி’ போய் ‘ஸ்பிரிங்’ வந்ததால், பழைய கோடில் இம்போர்ட் வரிகளை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. தத்தெடுத்த பிறகும் மாற்றங்கள் நிற்கவில்லை. 2022 நவம்பரில் வந்த 6.0 பதிப்பு, பல வருடங்களாக எல்லோரும் எழுதிப் பழகிய ‘வெப்செக்யூரிட்டிகான்ஃபிகரர்அடாப்டர்’ கிளாஸையே தூக்கிவிட்டது. மெயின்டனன்ஸ் டீமில் இருப்பவர்களுக்குப் பெருமூச்சு வராமல் என்ன செய்யும்?

இன்னும் மோசம், மாற்றாமலேயே விட்டுவைப்பது. ‘ஓடுதுல்ல, கை வைக்காதே’ என்று மேனேஜர் சொல்லும் பழைய அப்ளிகேஷன் உங்கள் டீமில் இருந்தால், அதன் பாம் ஃபைலில் ‘அசீஜி’ என்று தேடிப் பாருங்கள். இருந்தால், அந்தப் பெயரில் இனி எந்த ஓட்டைக்கும் பேட்ச் வராது.