நாங்கள் பார்த்த நான்கு படங்கள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கடையில் எமது பெண்கள் சிலர் கூடுவது வழக்கம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோரும், வழக்குக்காக வன்னியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருப்போரும் இவர்களில் அடங்குவர். சேமிப்புக் கணக்கெல்லாம் பார்த்து முடித்த பின், பிளேன்ரீயுடன் ஒரு படம் போடுவோம். கடந்த நான்கு மாதங்களில் பார்த்த படங்கள் பற்றி அவர்கள் கூறியவற்றையே இங்கு தருகிறேன். இது விமர்சனம் அல்ல.

முதலில் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). தத்துப்பிள்ளையான அமுதா, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறாள். சிறுமி கீர்த்தனாவின் நடிப்பைப் பார்த்து அழாதவர் இல்லை. பெற்ற தாயாக வரும் நந்திதா தாஸுக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள்தான். "பிள்ளையை விட்டிட்டுப் போனவள் எண்டு சொல்லுறது லேசு. ஏன் போனவள் எண்டு சொல்ல அவளுக்கு நேரம் குடுக்கேல்லையே" என்றார், தன் மகளை ஆறு வருடம் தமக்கையிடம் விட்டிருந்த ஒரு சகோதரி.

அதே படத்தில் வளர்ப்புத் தாயாக நடித்த சிம்ரன், 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) படத்தில் எமது ஊர்த் தாயாகவே வருகிறார். பொருளாதார நெருக்கடியால் தமிழகத்துக்குப் படகேறும் குடும்பத்தின் கதை. நன்றாகச் சிரித்தோம். இலங்கைப் பேச்சை மறைக்க அவர்கள் படும் பாட்டைப் பார்த்ததும், "பொட்டை அழிச்சிட்டு பஸ் ஏறின எங்களுக்கு இது புதுசோ?" என்று ஒருவர் கேட்டார். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் அன்றைய பேச்சாயின.

மூன்றாவது, கான் விழாவில் உயர் விருதான தங்கப் பனை பெற்ற 'தீபன்' (2015). முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரு சிறுமியும், இறந்தவர்களின் பாஸ்போட்டில் குடும்பமாகப் பிரான்ஸ் போகிறார்கள். தாயாக நடிக்க வேண்டிய யாழினிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, விருப்பமும் இல்லை. "இது நிசம்" என்றனர் பலர். முடிவில் வரும் சண்டை எவருக்கும் பிடிக்கவில்லை. பிள்ளைகளுடன் பார்க்கக் கூடிய படமுமல்ல.

கடைசியாகப் பார்த்தது பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997) எனும் சிங்களப் படம். கொட்டாஞ்சேனைச் சகோதரி ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார். போருக்குப் போன மகனின் உடல் என்று, திறக்கக் கூடாத பெட்டி ஒன்று வருகிறது. கண் தெரியாத தகப்பன் (ஜோ அபேவிக்ரம) மகன் இறந்ததை நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். 2000 இல் இப்படத்துக்கு அரசு தடை விதித்தது. இயக்குநர் வழக்குத் தொடுத்து, 2001 இல் இதே புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் வென்றார்.

படம் முடிந்ததும் எவரும் பேசவில்லை. பிறகு முல்லைத்தீவு அம்மா ஒருவர், "அவற்ற பிள்ளை ஆமிதான். எண்டாலும் அந்த மனிசன் படுற பாடு என்ர பாடு, பிள்ளை" என்றார். இவரது மகன் 2009 இல் காணாமல் போனவர். காணி விடயத்துக்காக மரணச் சான்றிதழ் எடுக்கும்படி உறவினர் வற்புறுத்துகிறார்கள். "அவருக்குப் பெட்டியாவது வந்தது. எங்களுக்கு என்ன வந்தது?" என்று மற்றொருவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். இருவர் சொன்னதும் உண்மையே. நான் இடையில் புகவில்லை.

மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்றே சான்றிதழ் பெற 2016 இல் சட்டம் வந்திருப்பதை அம்மாவுக்கு விளக்கினேன். நலன்புரி உதவிகளுக்கு அதைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். அவர் யோசித்துவிட்டு, "அதிலயும் செத்திட்டான் எண்டு எழுதுவினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னும் முடிவெடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் நான் விரும்பவில்லை.

சகோதரிகளே, இப்படிப்பட்ட படங்களைத் தனியே இருந்து பார்க்க வேண்டாம். துணையுடன் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். விண்ணப்பப் படிவங்களில் எழுத இடமில்லாத பலவற்றை எமது பெண்கள் படத்தைச் சாட்டியே பேசினார்கள். அடுத்த மாதத்துக்கு ஒரு சிரிப்புப் படம் வேண்டும் என்று கேட்டவரும் அந்த முல்லைத்தீவு அம்மாதான்.